ஆறு பிள்ளைகளும் ஒரு தென்னை மரமும்

அர்த்தம் தெரியாமல் ஒப்பித்ததற்காக நான் எத்தனையோ பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். "கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறியே, வெட்கமா இல்ல?" என்று கேட்டுமிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு வியர்க்கும். பிள்ளைகள் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். அது கோபம் இல்லை, பயம். இந்த வகுப்பில் யாராவது மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கிலிருந்து வந்திருப்பார்களோ, என் கதை தெரிந்திருக்குமோ என்ற பயம். ஏனென்றால் என் பத்தொன்பதாவது வயதில் நான் நடத்திய ஒப்பித்தலுக்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் செய்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. நான் புக்கிட் காதில் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. 'தற்காலிகம்' என்ற சொல் என் வாயில் வரவே வராது. யார் கேட்டாலும் "டீச்சரா இருக்கேன்" என்பேன், சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு. ஆனால் அந்த வருடம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சரோஜா, இனிமே பயிற்சி இல்லாதவங்களை வெச்சிக்க முடியாது. பயிற்சிக்கு இடம் கெடச்சா நீ டீச்சர். கெடைக்கலன்னா வருஷக் கடைசியோட சரி" என்று நேராகச் சொல்லிவிட்டார். வேலை போனால் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் அம்மா எனக்குச் சமையல் கற்றுக்கொடுப்பார். (அதற்கு நான் கடலில் குதித்திருப்பேன். மலாக்காவில் கடல் பக்கத்தில்தான்.)

விண்ணப்பம் போட்டேன். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எழுத்து, வாசிப்பு, நேர்காணல் எல்லாவற்றுக்கும் மேலே 'மாதிரிப் பாடம்' என்று ஒன்று. ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் ஆறு தமிழ்ப் பிள்ளைகளை நாமே அழைத்து வர வேண்டும். விடுமுறை என்பதால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். நாம் வேலை செய்யும் பள்ளிப் பிள்ளைகளாகவும் இருக்கக் கூடாது. இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கடிதத்தின் அடியில் 'மறுபக்கம் பார்க்க' என்று போட்டிருந்தது. மறுபக்கத்தில் வழக்கமாக என்ன இருக்கும்? கையெழுத்து, முத்திரை, 'தாமதமாக வருவோர் அனுமதிக்கப்பட மாட்டார்கள்'. எனக்குத் தெரியாததா? நான் டீச்சராயிற்றே. திருப்பவில்லை.

அப்பா பொதுப்பணி இலாகாவில் லாரி ஓட்டுபவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"என்னா புள்ள, லெட்டர்ல என்னா போட்டிருக்கு? முழுசா படிச்சியா?"

"படிச்சிட்டேம்பா. ஆறு புள்ளைங்க வேணுமாம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேனே தவிர, காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வரிசையில் மொத்தம் மூன்று தமிழ்ப் பிள்ளைகள்தான் அந்த வயதில். ஒன்றுக்குப் பொன்னுக்கு வீங்கி. மற்ற இரண்டும் விடுமுறைக்குத் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தன. இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்தேன். யார் வீட்டு வாசலில் சின்னச் செருப்புக் கிடந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு அம்மாள் என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது.

எங்கள் வரிசையைத் தாண்டினால் மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்பம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் பிள்ளைகள் அவர்கள். நெற்றியில் திருநீறு, நிலையில் மாவிலைத் தோரணம், பெயரெல்லாம் லெட்சுமி, மணியம், மீனாட்சி. வாயைத் திறந்தால் மலாய்தான். தமிழ் எப்போதோ நழுவிப் போய்விட்டது. ஆனால் கோயிலில் அந்தப் பிள்ளைகள் பூசாரி சொல்லச் சொல்லத் தமிழ்ப் பாட்டை அப்படியே திருப்பிச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு எழுத்துப் பிசகாது. எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அந்த 'ழ' வராது. ஒன்றும் புரியாமலே இவ்வளவு அழகாகச் சொல்கிறவர்களை வைத்துப் பாடம் நடத்தினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று என் மூளை கணக்குப் போட்டது.

நேராக மக்சிக் மீனாட்சி வீட்டுக்குப் போனேன். மக்சிக் என்றால் மலாயில் சித்தி, அத்தை எல்லாம்தான். மலாய்ப் பெண்கள் உடுத்தும் சாரோங் கெபாயா, கொண்டை, நெற்றியில் பளிச்சென்று திருநீறு. அவருடைய பேத்தி, பேரன், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்று கணக்காக ஆறு பேர் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். பதினான்கு நாள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லித் தருகிறேன், பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். மக்சிக்கின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா சூசா? போலே, போலே!" என்றார். என்ன கஷ்டம், தாராளமாக என்று அர்த்தம். சொன்னதோடு நிற்காமல் ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து பதினான்கு நாளும் பலகாரம் வந்தது. நானும் பதினான்கு நாளும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

என் பாடம் 'தென்னை மரம்'. முறை ரொம்பச் சுலபம். ஆறு பிள்ளைகள், ஆறு கேள்வி, ஆறு பதில். பிள்ளைகளுக்குக் கேள்வி புரிய வேண்டிய அவசியமே இல்லை. இடப் பக்கத்திலிருந்து வரிசை. நான் ஒரு கேள்வி கேட்டு நிறுத்தியதும் முதல் பிள்ளை எழுந்து தன் பதிலைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அடுத்து நிறுத்தியதும் அடுத்த பிள்ளை. ஆறாவது பதில் முடிந்ததும் எல்லாரும் எழுந்து "நன்றி, ஆசிரியை அவர்களே!" என்று கும்பிட்டு, வரிசையாக வெளியே நடந்து போய்விட வேண்டும். வெளியே போனால் ஆளுக்கொரு அய்ஸ் கெப்பால். சீவிய ஐஸைக் கையால் உருண்டை பிடித்துச் சிவப்புச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவார்களே, அது. அதற்காக அந்தப் பிள்ளைகள் சமஸ்கிருதத்தில் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பார்கள்.

லெட்சுமிக்கு எட்டு வயது. அவள்தான் தலைவி. முதல் பதில் அவளுடையது. மற்றவர்கள் எழ மறந்தால் காலால் இடிப்பதும் அவள் பொறுப்பு. நான்காவது பிள்ளை மணியம். அவன் பதில் கொஞ்சம் நீளம், கை அசைவுகளோடு சொல்ல வேண்டும். அவன் அதைச் சொல்லும்போது முகமெல்லாம் வீரம் கொப்பளிக்கும். பத்தாவது நாளே எல்லாம் கச்சிதம். நானே கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தஞ்சாவூர்ப் பிள்ளைகள் என்றுதான் சொல்லியிருப்பேன். (தஞ்சாவூரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்லியிருப்பேன்.)

தேர்வு நாள் வந்தது. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஆறு பிள்ளைகளுக்கும் தலைவாரி, சட்டை மாட்டி, திருநீறு பூசி மக்சிக்கே கூட வந்தார். "பள்ளிக்கூடத்துல யாரும் பேசக் கூடாது, டீச்சர் சொன்னதை மட்டும் சொல்லணும்" என்று நான் மலாயில் கண்டித்து வைத்திருந்ததால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மக்சிக் வாசலில் மழைமரத்தடியில், ஐஸ்காரர் வண்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயர் தங்கராஜு. பத்து பெரெண்டாம் என்ற ஊர்க்காரர். ஒல்லியாக, நன்றாகக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விகளை வரிசையாக மையால் எழுதி வைத்திருந்தார், பாவம். நான் கலர் சாக்பீஸ் கொண்டுவர மறந்துவிட்டேன் என்று தெரிந்ததும் தன்னுடையதில் பாதியை ஒடித்துக் கொடுத்தார்.

"உங்களுக்கு எத்தனாவது தடவைங்க?" என்று கேட்டார்.

"முதல் தடவை."

"எனக்கு மூணாவது. இதான் கடைசி. வர்ற மாசம் வயசு தாண்டிடும். கெடைக்கலன்னா மாமாவோட மளிகைக் கடையில காலம் பூரா வெங்காயம் நிறுக்க வேண்டியதுதான்." சிரித்தார். உடனே உள்ளங்கையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். "ரெண்டு தடவையும் பயத்துல பேச்சே வரல. அதான் இந்தத் தடவை கையில எழுதிட்டேன். கேள்விய மட்டும் வரிசையா கேட்டுட்டா போதும். புள்ளைங்க பதில் சொல்லிடுவாங்க இல்ல?"

"சொல்லாம என்ன? கண்டிப்பா சொல்லுவாங்க" என்றேன் நான், பெரிய அனுபவசாலி போல.

பரீட்சகர் வந்தார். தங்கப் பிரேம் கண்ணாடி, தொண்டைக் கனைப்பு. நாங்கள் எட்டுப் பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் பாடம் நடத்துவதையும் பார்க்க வேண்டுமாம்.

"எல்லாரும் கடிதத்தைப் படிச்சிருப்பீங்க. மறுபக்கத்துல சொல்லியிருந்தபடி பிள்ளைகளை மாத்திவிடப் போறோம். ஒருத்தர் அழைச்சிட்டு வந்த பிள்ளைகளுக்கு இன்னொருத்தர் பாடம் நடத்தணும். முன்கூட்டியே ஒத்திகை பார்த்துட்டு வந்துடக் கூடாதில்ல?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. அவசர அவசரமாகக் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துத் திருப்பினேன். மறுபக்கத்தில், முதல் வரியிலேயே, கொட்டை எழுத்தில் இருந்தது. இத்தனை நாள் என் கைப்பையில் மடித்து வைத்திருந்த அந்தத் தாள் ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும்.

"முதல்ல மிஸ்டர் தங்கராஜு. மிஸ் சரோஜா அழைச்சிட்டு வந்த பிள்ளைகள். அதுக்கப்புறம் அவர் பிள்ளைகளுக்கு மிஸ் சரோஜா."

என் ஆறு பேரும் உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். லெட்சுமி என்னைத் தேடினாள். பின்வரிசையில் கண்டுபிடித்து, 'எல்லாம் நினைவிருக்கிறது' என்பது போலத் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள்.

தங்கராஜு கரும்பலகையில் அழகாக எழுதினார்: 'நமது குடும்பம்'. பிறகு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளைகளா, வீட்டில் நமக்காகத் தினமும் சோறாக்கித் தருவது யார்?"

நிறுத்தினார். லெட்சுமி எழுந்தாள். கணீரென்று சொன்னாள்.

"தென்னை மரம்!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கராஜு ஒரு கணம் விழித்தார். குழந்தை விளையாடுகிறது என்று நினைத்திருப்பார். அடுத்த கேள்விக்குப் போனார்.

"நல்லது. அப்பா எப்படி இருப்பார்?"

"உயரமாக இருக்கும்! கிளைகள் கிடையாது!"

பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அம்மா நமக்கு அன்பாக என்னென்ன தருவார்?"

"இளநீர், தேங்காய், கீற்று, துடைப்பம்!"

நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தங்கராஜுவின் கஞ்சிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் பாடத்தை நிறுத்திவிட்டு, உன் பெயர் என்ன, உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார்கள். அவருக்குத்தான் கையில் எழுதியிருப்பதைத் தவிர வேறு எதுவும் வராதே. அவர் நிறுத்த நிறுத்த என் பிள்ளைகள் எழுந்தார்கள். என் பிள்ளைகள் எழ எழ அவர் அடுத்த கேள்விக்குப் போனார். இரண்டு பக்கமும் மனப்பாடம். இடையில் புகுந்து தடுக்க ஆளில்லை. நான்காவது கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான்காவது பிள்ளை மணியம் என்று தெரியும்.

"தம்பிப் பாப்பா அழுதால் நாம் என்ன செய்வோம்?"

மணியம் குதித்து எழுந்தான். கைகளை முறுக்கி, ஓங்கி, தேய்த்து, பிழிந்து காட்டினான்.

"உரிப்போம்! உடைப்போம்! துருவுவோம்! பிழிந்து பால் எடுப்போம்!"

"ஐயோ" என்று எனக்கு முன்னால் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பரீட்சகரின் பேனா அந்தரத்தில் நின்றது. தங்கராஜு கரும்பலகையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தாத்தா... பாட்டியை... நாம் எப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும்?"

"வேலி ஓரமாகக் குழி தோண்டி நட வேண்டும்!"

"வீட்டுக்கு... விருந்தினர் வந்தால்?"

"கீழே நிற்காதே! தலையில் விழும்!"

அப்புறம் ஆறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். மீசை வைத்த தங்கராஜுவைப் பார்த்து, "நன்றி, ஆசிரியை அவர்களே!" என்று கும்பிட்டார்கள். வலம் திரும்பி, வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக வெளியே நடந்து போனார்கள். வெளியே மக்சிக், "ஏய், சூடா ஹாபிஸ்?" என்று ஆச்சரியமாகக் கேட்பது காதில் விழுந்தது. முடிந்துவிட்டதா, இவ்வளவு சீக்கிரமா என்று கேட்கிறார். இருபது நிமிடப் பாடம் மூன்று நிமிடத்தில் முடிந்திருந்தது. ஐஸ் சீவும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

காலி வகுப்பில் தங்கராஜு மட்டும் நின்றார், கையில் மிச்சம் பாதிச் சாக்பீஸோடு.

"மிஸ்டர் தங்கராஜு, இதுக்கு மேல ஏதாச்சும் இருக்கா?" என்றார் பரீட்சகர்.

"இல்லைங்க ஐயா." அவ்வளவுதான் சொன்னார். வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தார். பரீட்சகர் தாளில் எதையோ எழுதி, அடியில் கோடு போட்டார். அந்தக் கோடு போடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

இந்த இடத்தில் நான் உடனே எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுதினால் பொய். என் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் நல்ல பெண்ணாக எழுந்து போய்ப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். அதுதான் நடந்தது. சொல்லிவிட்டால் என் இடம் போய்விடும், சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இவ்வளவுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

பாடமோ அமர்க்களமாகப் போனது. தங்கராஜு அழைத்து வந்த பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். தென்னை மரத்தைப் பற்றிக் கேட்டால் பதில் மேல் பதில். ஒரு பையன் தன் தாத்தா மரத்திலிருந்து விழுந்த கதையையே சொன்னான். பரீட்சகர் சிரித்துவிட்டார். தலையாட்டி ஏதோ எழுதினார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

சன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. தங்கராஜு எச்சிலைத் தொட்டு உள்ளங்கையிலிருந்த மையைத் தேய்த்துத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். நான் கரும்பலகையில் தேங்காய்க்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒடித்துக் கொடுத்த சாக்பீஸ்.

என் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, என் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது."

"என்னது?"

"அந்த ஆறு பேருக்கும் தமிழே தெரியாதுங்க ஐயா. மனப்பாடம் பண்ண வெச்சேன். வரிசையா சொல்லச் சொன்னேன். மிஸ்டர் தங்கராஜு மேல தப்பு இல்ல."

பரீட்சகர் நம்பவில்லை. "நெத்தியில திருநீறு இருக்கு, பட்டியல்ல லெட்சுமி, மணியம்னு பேர் இருக்கு, அவ்வளவு சுத்தமா உச்சரிக்கிறாங்க. தமிழ் தெரியாதாம். கூட்டிட்டு வாங்க."

மக்சிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு லெட்சுமி வந்தாள். உதடெல்லாம் சிவப்புப் பாகு. பரீட்சகர் குனிந்து அன்பாகக் கேட்டார்.

"உன் பேர் என்னம்மா?"

அவர் நிறுத்தியதும் லெட்சுமி நிமிர்ந்து நின்றாள்.

"தென்னை மரம்!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பரீட்சகர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக மலாயில் அவளிடம் கேட்டார்: "தென்னை மரம் என்கிறாயே, அது என்னம்மா?"

லெட்சுமி முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு நான் பதில் தரவில்லை.

"தாக் தாவ், துவான்" என்றாள். தெரியாதுங்க ஐயா.

நாங்கள் பதினான்கு நாளும் உட்கார்ந்து ஒத்திகை பார்த்த இடம் எது தெரியுமா? மக்சிக் வீட்டு முற்றத்துத் தென்னை மரத்தடி. மணியம் அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் தன் பதிலைச் சொல்லிப் பழகினான். நிமிர்ந்து கையை நீட்டி, "பிள்ளைகளா, இதுதான் அது" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் பதினான்கு நாளில் எனக்குக் கிடைக்கவில்லை.

"எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தீங்க?" என்று பரீட்சகர் கேட்டார்.

"பதினாலு நாளுங்க ஐயா."

மக்சிக்தான் அடுத்துப் பேசினார். பரீட்சகரிடம் இல்லை, என்னிடம். மலாயில், சத்தம் போடாமல், நிதானமாகச் சொன்னார். 'எங்கள் வீட்டில் தமிழ் பேசி எத்தனை தலைமுறை ஆயிற்றோ தெரியாது, சரோ. இந்தப் பிள்ளைகளுக்காவது வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துத் தினமும் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியானால் இவர்களுக்கு ஒன்றும் தெரியாதா?'

என்னை அவர் திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பதினான்கு தட்டுப் பலகாரமும் அப்படியே தொண்டைக்கு வந்து நின்றது. அத்தனை பேர் முன்னால், கரும்பலகையில் பாதி பச்சையாக நின்ற தேங்காய்க்குப் பக்கத்தில், நான் ஓவென்று அழுதேன்.

தங்கராஜுவைக் கூப்பிட்டு வேறொருவர் பிள்ளைகளைக் கொடுத்து மறுபடி நடத்தச் சொன்னார்கள். கையில் மை அழிந்துவிட்டதால் அவருக்கு வேறு வழியில்லாமல் சொந்தமாகப் பேச வேண்டியிருந்தது. நன்றாகவே பேசினார். இடமும் கிடைத்தது. (அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும், "நான் உங்களுக்கு ஒரு வருஷம் சீனியர்" என்று நினைவூட்டாமல் விட்டதில்லை.)

எனக்கு இடம் இல்லை. ஆனால் போகும்போது பரீட்சகர் சொன்னார்: "அடுத்த வருஷம் வாங்க. இதே ஆறு பேரையும் அழைச்சிட்டு வாங்க. யார் நடத்தினாலும் அவங்க பதில் சொல்லணும்."

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் சொன்னார்: "லாரிய ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்ன நான் எறங்கிப் பின்பக்கம் பாப்பேன், புள்ள. நாலாவது படிச்சவன் நான். நீ டீச்சரு."

தோட்டத்து வேலை வருடக் கடைசியோடு போயிற்று. அம்மா சமையல் கற்றுக்கொடுத்தார். சாயங்காலமானால் நான் மக்சிக் வீட்டு முற்றத்துக்குப் போனேன். முதல் நாள் போகவே கால் வரவில்லை. மக்சிக் கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், பாயை எடுத்து விரித்தார். பலகாரம் மட்டும் வரவில்லை. அது திரும்ப வர மூன்று மாதம் ஆயிற்று. லெட்சுமி மணியத்தைப் பார்த்து, "நீ பொய் சொல்ற!" என்று தமிழில் கத்திய அன்றைக்குத்தான் தட்டு வந்தது.

அடுத்த வருடம் அதே ஆறு பேரோடு போனேன். யாரோ ஒரு பெண் அவர்களுக்குப் 'பசு' நடத்தினாள். என் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை, கேட்காததற்கும் சொன்னார்கள், ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு சண்டையும் போட்டார்கள். பரீட்சகர் காதைப் பொத்திக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கௌரவமாகச் செத்துப்போகலாம். முடியவில்லை.

பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நகராட்சியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அம்மா தனியாகச் சமாளிக்க முடியாது என்று லெட்சுமியை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். அவளுக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ. பாவாடை சட்டையில் கதவோரம் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரின்னாங்க. டீச்சர் பரீட்சையெல்லாம் ஒரே தடவையில பாஸாமே?" என்று கேட்டார்.

அப்பா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஆமாங்க, ஒரே தடவை" என்றார்.

கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சுத்தமான தமிழ். 'ழ' மட்டுமல்ல, மரியாதையும் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

"இல்லைங்கம்மா. முதல் தடவை அவங்க தோத்துப்போனாங்க. அந்த வருஷம் எங்களுக்குத் தமிழ் தெரியாதுங்க. அப்புறம் அவங்களே சொல்லிக் குடுத்து, மறு வருஷம்தான் பாஸானாங்க."

அம்மா தட்டைக் கீழே வைத்தார். அப்பா கூரையைப் பார்த்தார். எனக்கு உலகமே நின்றுவிட்டது. இருந்தாலும், என் மண்டைக்குள் இருந்த டீச்சர் மட்டும், 'எவ்வளவு கோவையாகச் சொல்லிவிட்டாள், பார்' என்று பூரித்துப் போனாள்.

மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார். "எப்படித் தோத்தாங்க?" என்று அவளிடமே கேட்டார். அவள் சொன்னாள். சொன்னதோடு விடாமல் ஆறு பதிலையும் நடித்துக் காட்டினாள், மணியத்தின் கை அசைவுகள் உட்பட. மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துக் காப்பியை வேட்டியில் கொட்டிக்கொண்டார். போகும்போது, "எனக்குச் சம்மதம். இந்தச் சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கு வரணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மனிதரோடு நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திவிட்டேன். இன்றைக்கும் வந்தவர்களிடம் நான் கொஞ்சம் மெருகேற்றி எதையாவது சொல்ல ஆரம்பித்தால் போதும். பத்திரிகையை இறக்காமலே, "லெட்சுமியைக் கூப்பிடட்டுமா?" என்பார். என் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள், இப்போது பேரப்பிள்ளைகளும். நான் சட்டென்று வாயை மூடிக்கொள்வேன். அவள் இங்கேதான் புக்கிட் பாருவில் இருக்கிறாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள்.